ராகேலின் வெட்டு

ராகேலின் இடது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்குவதில்லை. செம்பைப் பிடித்தால் நழுவுகிறது. மீதி மூன்று விரல்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று விரலை வைத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் கத்தி பிடிக்க முடியாது. அந்தக் கத்திக்கு இரண்டு கைகளும் வேண்டும். வலது கை தள்ளும், இடது கை முன்னால் நின்று அளவு பார்க்கும். ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும். மேலோடு போனால் பால் வராது. அந்த அளவு பத்தொன்பது வருடமாக ராகேலின் இடது கைக்குத் தெரிந்திருந்தது.

தடிக்காரன்கோணத்துக்கு மேலே, கீரிப்பாறைக்குப் போகும் வழியில் மத்தியாஸ் எஸ்டேட். அங்கே அவளுக்கு முன்னூற்றி இருபது மரங்கள். மரத்துப் பட்டையில் கோடு இழுத்துப் பால் எடுப்பதற்கு அந்தப் பக்கத்தில் வெட்டு என்று பெயர். பால் எடுப்பவர் ஆணானால் வெட்டுக்காரன், பெண்ணானால் வெட்டுக்காரி. வழியில் எதிர்ப்படுகிறவர்கள், “இன்னைக்கு வெட்டு உண்டா?” என்று கேட்பார்கள். மழை என்றால் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதத்தில் வெட்டு இல்லை. ஆபேலின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும், “பிள்ளைக்கு வெட்டு தெரியுமா?” என்றுதான் கேட்டார்கள். தெரியும் என்று சொன்ன பிறகு காப்பி குடித்தார்கள்.

ஜூன் மாதத்தில் இரண்டு நாள் பெய்த மழை விட்ட ஒரு காலை. பாதி மரங்கள் முடிந்திருந்தன. சரிவில் ராகேலின் கால் வழுக்கியது. மரத்தைப் பிடிக்கப் போன இடது கையில் கத்தி இறங்கியது. வலி பிறகுதான் வந்தது. முதலில் மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் விழுந்துகொண்டிருந்த பால் சிவப்பாவதைத்தான் பார்த்தாள். ஒரு சிரட்டைப் பால் போயிற்றே என்று நினைத்தாள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஷாஜன் ஓடிவந்தான். முப்பது வயதுக்காரன். எஸ்டேட்டில் எல்லோரையும் அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டு வேலை வாங்குகிறவன். தன் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினான். ஆபேலை வரச்சொல்லி, ராகேலைப் பைக்கில் நடுவே உட்காரவைத்து மூன்று பேருமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சேலத்துப் பக்கத்துப் பையன். முகத்தில் தூக்கம் மிச்சமிருந்தது. ராகேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஆபேல் பக்கத்தில் நின்றான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பதறிப்போய், அந்த வெப்ராளத்தில் பேசினான்.

“எப்படி ஆச்சு?”

“வெட்டுக்க எடயில கத்தி கொண்டு, டாக்டரே.”

அங்கே கல் பட்டால் கல் கொண்டது என்பார்கள். கத்தி பட்டால் கத்தி கொண்டது; பேச்சில் சுருங்கி, கத்தி கொண்டு.

“கத்தி கொண்டு வெட்டா? எங்க வச்சு?”

“எஸ்டேட்டுல வச்சுதான்.”

“யாரு?”

யார் கூட்டி வந்தது என்று கேட்கிறார் என ஆபேல் நினைத்தான்.

“நம்ம ஷாஜன்தான்.”

“தெரிஞ்ச ஆளா?”

“நல்லாத் தெரிஞ்ச ஆளு. தங்கமான பயலாக்கும். வெளியதான் நிக்கான்.”

டாக்டர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு பெரிய ரிஜிஸ்டரில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். ராகேலை உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டாம் நாள் வார்டுக்கு ஒரு ஏட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கிறது என்றார். குழித்துறைக்காரர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வெட்டுன்னு வந்திருக்கு. ஆள் வெட்டா, ரப்பர் வெட்டா?”

“ரப்பர் வெட்டு” என்றாள் ராகேல்.

ஏட்டு சிரித்தார். “அதான பாத்தேன். எனக்க அம்மையும் வெட்டுக்காரிதான். முப்பது வருசம். கையப் பாத்துக்கிடும் அக்கா.” தானே ஒரு காகிதத்தில் எழுதி, எனக்கு யார் மீதும் புகார் இல்லை என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டார். நல்ல மனிதர் என்று ராகேல் ஆபேலிடம் சொன்னாள்.

நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு ஒரு மாதம் விரலுக்குப் பயிற்சி என்று ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். விரல்கள் அமுக்கவில்லை. இனி இவ்வளவுதான் என்றார்கள்.

மத்தியாஸ் சார் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். எஸ்டேட் ஆட்கள் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது, தொழிலாளர் ஆபீசில் நஷ்டஈட்டுக்கு மனு கொடு, நான் ஒன்றும் மறுத்துச் சொல்லமாட்டேன் என்றார். மனுவை ஷாஜன் எழுதினான். ‘விபத்து நடந்த விதம்’ என்ற இடத்தில், ‘வெட்டிக்கொண்டிருக்கும்போது கையில் வெட்டு விழுந்தது’ என்று எழுதி, கீழே ராகேலின் பெயருக்கு நேராகப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்தான். அதில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எஸ்டேட் சார்பில் ஷாஜன் வந்தான். ஆபேலுக்கு அன்றைக்குச் செங்கல் இறக்குகிற வேலை. ஆபீசர் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று வாசலில் இருந்தவர் சொன்னார். விருதுநகர் பக்கத்து மனிதர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கோப்பை முதலில் இருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் முதலில் இருந்து படித்தார்.

“ஷாஜன்ங்கிறது யாரும்மா?”

“இவன்தான் சார்.”

ஆபீசர் ஷாஜனைப் பார்த்தார். ஷாஜன் வணக்கம் சொன்னான்.

“இவரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

“அவனுக்க பைக்குலதான சார் வந்தேன்.”

“ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்களா?”

ராகேலுக்கு விளங்கவில்லை. “சண்டை ஒண்ணும் இல்லியே சார்.”

“போலீஸ்ல புகார் வேண்டாம்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“ஆமா சார். யாருமேல என்னத்தப் புகார் சொல்ல?”

ஆபீசர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தார். அந்தக் காகிதம் மனு கொடுக்கும்வரை ராகேலின் பைபிளுக்குள் இருந்ததுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. கையெழுத்து கோழி கீறியதுபோல இருந்தது. ஆபீசர் வாசித்துத் தமிழில் சொன்னார். ‘எஸ்டேட்டில் வைத்து, தெரிந்த நபரான ஷாஜன் என்பவர் கத்தியால் வெட்டியதாகக் கணவர் கூறுகிறார்.’

ஷாஜன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

“யாரு, நானா? எக்கா, நானா உன்ன வெட்டுனேன்?”

“நீ எங்கலே வெட்டுன? உனக்குத்தான் வெட்டே தெரியாதே” என்றாள் ராகேல்.

ஆபீசர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். “ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யார் வெட்டினது?”

“நான்தான் சார்.”

“உங்களையே நீங்க வெட்டிக்கிட்டீங்களா?”

“இல்ல சார். நான் மரத்துலல்லா வெட்டுனேன்.”

“மரத்தை வெட்டும்போதா?”

“மரத்த வெட்டுவமா சார்? மத்தியாஸ் சார் சும்ம விடுவாரா? மரத்துல வெட்டுவோம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“எனக்கு முன்னூத்தி இருவது.”

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். “முன்னூத்தி இருபது மரத்தையா?”

“மரத்துல, சார்” என்றாள் ராகேல். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறந்ததில் இருந்து அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறாள். அது ஒருநாளும் யாரையும் கொன்றதில்லை.

ஷாஜன் போனை எடுத்தான். அதில் ஒரு வீடியோ இருந்தது. எஸ்டேட்டில் யாரோ வெட்டுவதை அவன் எப்போதோ எடுத்தது. ஒரு கை தள்ள, ஒரு கை தாங்க, கத்தி சரிந்து இறங்குகிறது. பட்டை சுருண்டு விழுகிறது. வெள்ளைக் கோடு ஒன்று ஊறி வழிந்து சிரட்டைக்குப் போகிறது. ஆபீசர் முழுதும் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

“அட, இது பால்வடிப்பும்மா!”

“என்னது சார்?”

“பால்வடிப்பு. அரசாங்கக் காகிதத்துல எல்லாம் அப்படித்தான் போடுவோம். நீங்க பால்வடிப்புத் தொழிலாளி. இதுக்குப் போயி ஏன் வெட்டுன்னு சொல்றீங்க?”

“வேற என்னத்த சார் சொல்ல?” என்றான் ஷாஜன். அவன் இன்னும் உட்காரவில்லை.

ராகேல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பால்வடிப்பு. யாரோ வேறொரு பெண் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

ஆபீசர் இரக்கமாகப் பேசினார். நான் நம்புகிறேன், இன்சூரன்ஸ்காரன் நம்பமாட்டான் என்றார். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அடிதடி என்று இருக்கிறது. போலீசில் புகார் வேண்டாம் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தெரிந்தவன் வெட்டினான், இந்தம்மா மன்னித்துவிட்டாள் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்கு எஸ்டேட் எப்படிப் பொறுப்பாகும்? ஆஸ்பத்திரியில் இருந்து சரியான காகிதம் வந்தால்தான் இந்த மனு நிற்கும்.

திரும்பி வரும்போது ஷாஜன் பைக்கை வேகமாக விட்டான். எஸ்டேட்டுக்கு வழி பிரியும் விலக்கில் டீக்கடையில் நிறுத்தினான். கடைக்காரர் ஜாஸ்பர், ஆபீசில் என்ன ஆயிற்று என்று கேட்டார். ராகேல் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

“ஏலே ஷாஜா, கொலகாரா!” என்றார் ஜாஸ்பர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “ஓய், அவனுக்கு டீய தூரத்துல வச்சுக் குடும். கையில கத்தி இருக்கப் போவுது” என்றார் அவர்களில் ஒருவர், ஜாஸ்பரிடம்.

ஷாஜனும் சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

வீட்டில் ஆபேல் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“நீங்க அன்னைக்கு டாக்டர்ட்ட என்னத்தச் சொன்னீங்க?”

“உள்ளதத்தான் சொன்னேன்.”

“உள்ளதுன்னா?”

ஆபேல் யோசித்து, சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். வெட்டுக்க எடயில கத்தி கொண்டு. எஸ்டேட்டுல வச்சு. ஷாஜன். தெரிஞ்ச ஆளு. ராகேல் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எந்தச் சொல் பொய் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

“என்னட்டி, நான் தப்பாச் சொல்லிட்டனா?”

“தெரியல” என்றாள்.

உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. காகிதத்தில் வட்ட முத்திரை இருந்தது. நம்பர் இருந்தது. அவள் பெயரும் வயதும் அப்பன் பெயரும் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே ஒரு விஷயம் மட்டும் எப்படித் தவறாக இருக்கும்? அந்தக் காலையை மறுபடி நினைத்துப் பார்த்தாள். மழை ஈரம், மரம், கத்தி. பின்னால் யாராவது நின்றார்களா? நினைக்க நினைக்க யாரோ நின்றதுபோலவும் இருந்தது. மறுநாள் வழியில் ஷாஜனைப் பார்த்தபோது கேட்டுவிட்டாள்.

“மக்கா, அன்னைக்கு நீ எங்க நின்ன?”

ஷாஜன் பைக்கை நிறுத்தினான். “எக்கா, நீயுமா?”

“சும்மா கேட்டேன் மக்கா. எனக்குத் தல சுத்துது.”

“பால் அளக்க இடத்துல நின்னேன். உனக்க சத்தம் கேட்டு வந்தேன். நாலு பேரு பாத்தாவ.” பைக்கைவிட்டு இறங்கினான். “எனக்கு நிச்சயம் பேசிட்டு இருக்காவ, தெரியும்லா? பெண்ணு வீட்டுல யாராவது கேட்டா நான் என்னக்கா சொல்ல?”

அவன் போன பிறகும் ராகேல் அங்கேயே நின்றாள். விரலுக்காக மனு கொடுத்தாள். அது எங்கேயோ போய் ஷாஜனைப் பிடித்திருக்கிறது. மனுவை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டாலும் அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கும் என்றும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ரிக்கார்டு அறைக்குப் போனாள். எழுதிய டாக்டர்தான் திருத்த வேண்டும், அவர் மேல்படிப்புக்குப் போய்விட்டார் என்றார்கள். எங்கே? தெரியாது. எப்போது வருவார்? வரமாட்டார். திரும்பவும் தொழிலாளர் ஆபீசுக்குப் போனாள். ஆபீசர் அலுத்துக்கொள்ளவில்லை. அவரே ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். கைக்கு எவ்வளவு ஊனம் என்று பார்க்கிற டாக்டர், காயம் எப்படி ஏற்பட்டிருக்கும் என்பதையும் பரிசோதித்துத் தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். புதிதாக எழுதுகிற டாக்டர் சரியாக எழுதிவிட்டால் பழையதை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்றார். இனி அதையும் கோட்டைவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை ஆபேல் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேருமாகப் பஸ் ஏறினார்கள். ஊனம் பார்க்கிற அறைக்கு வெளியே அறுபது எழுபது பேர் இருந்தார்கள். இவர்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று.

இந்தத் தடவை பெண் டாக்டர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ராகேலின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஊசியால் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். தழும்பை அளந்தார். பிறகு ஆபீசரின் கடிதத்தைப் பிரித்தார்.

“பால் வடிக்கும்போது காயம்னு இருக்கு.” பேனா மூடியைத் திறந்தார். “மாடு எப்படி, முட்டுச்சா, மிதிச்சுதா?”

ஆபேல் வாயைத் திறந்தான்.

“நீங்க சும்மா இரிங்க” என்றாள் ராகேல்.

டாக்டர் அதற்குள் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டார். ராகேல் இடது கையை நீட்டி அந்தக் காகிதத்தின்மேல் வைத்தாள். மூன்று விரல்கள் காகிதத்தில் படிந்தன. இரண்டு விரல்கள் மேலே நின்றன.

“எழுதாதீங்க டாக்டர். முதல்ல நான் சொல்லி முடிக்கட்டு. பொறவு எழுதுங்க.”

டாக்டர் முகம் சுளித்தார். பின்னால் வரிசையில் யாரோ, “சீக்கிரம் ஆவட்டு” என்றார்கள். ராகேல் கையை எடுக்கவில்லை.

“மாடு இல்ல. எங்க வீட்டுல மாடே இல்ல. ரப்பர் மரம். மத்தியாஸ் எஸ்டேட். அங்க எனக்கு வேல. மரத்துக்குத் தோல் உண்டு. அதுல கத்தி வச்சு, இப்பிடிச் சரிச்சு ஒரு கோடு இழுப்பேன். கோட்டுல இருந்து வெள்ளையா வரும். அதுக்குக் கீழ சிரட்ட இருக்கும்.” பேசிக்கொண்டே வரும்போது அவளுக்கு வியர்த்தது. இரண்டு இடத்தில் பழைய சொல் நாக்குவரை வந்தது. நிறுத்தி, விழுங்கி, சுற்றிப் போனாள். “அன்னைக்கு மழ ஈரம். கால் வழுக்கிச்சு. கத்தி எனக்க கையில இருந்த கத்தி. அது எனக்க இந்தக் கையில பட்டுது. பக்கத்துல யாரும் இல்ல. நான் மட்டுந்தான். மரமும் நானும்.”

“ரப்பர் டேப்பிங்கா?” என்றார் டாக்டர். “அதை முதல்லயே சொல்லக்கூடாதா?”

ராகேலுக்கு அந்தச் சொல் சரியா தவறா என்று தெரியவில்லை. கையை எடுத்தாள். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆறு வரி. முத்திரையை எடுக்கப் போனார்.

“டாக்டர், வாசிங்க.”

“என்னம்மா?”

“எழுதுனத வாசிங்க. தமிழ்ல.”

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினார். “இவர் எஸ்டேட்டில் ரப்பர் பட்டையைச் சீவும்போது…”

“சீவும்போதா?” சந்தையில் சண்டை போடுகிறவர்கள் சீவிப்போடுவேன் என்பது ராகேலுக்கு ஞாபகம் வந்தது. “அது வேண்டாம் டாக்டர்.”

“பின்ன என்ன போட?”

ராகேல் யோசித்தாள். வரிசை முணுமுணுத்தது. ஆபேல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மரம்னு போடுங்க. ரப்பர் பட்டைன்னா போதாது. ரப்பர் மரத்துக்க பட்டைன்னு போடுங்க. வழுக்குன இடத்துலயும் மரத்துக்கிட்டன்னு போடுங்க. ரெண்டு இடத்துல மரம் இருக்கட்டும்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டு இடத்தில் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

“மரம் வந்தாச்சு. போதுமா?”

“மிச்சத்தையும் வாசிங்க.”

“மரத்துக்கு அருகே வழுக்கி விழுந்ததில் தன் கையில் இருந்த கத்தியே பட்டு ஏற்பட்ட காயம். வேறு யாருக்கும் தொடர்பு இல்லை.” டாக்டர் அடுத்த வரிக்கு வந்தார். “பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நிரந்தரமாக மடங்காது. இவரால் இனி இந்த வேலையைச் செய்ய முடியாது.”

ராகேல் அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். அடுத்த வரி இல்லை.

“எல்லாம் சரிதானே?” என்றார் டாக்டர். முத்திரை அவர் கையில் இருந்தது.

ராகேல் ஆபேலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கடைசி வரியில் இரண்டு அர்த்தம் இருக்குமோ என்று அவள் தேடினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தான்.

“சரிதான் டாக்டர்” என்றாள்.